முள் எடுத்த கை

என் மனைவியின் தட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது மறுவீட்டு விருந்தன்றே தெரிந்துபோயிற்று.

தூத்துக்குடியில் மாமனார் வீடு. நீளமான மேசை. நான் புது மாப்பிள்ளை, புது வேட்டி, அது இடுப்பில் நிற்குமா என்ற கவலை வேறு. எதிரில் என் மனைவி டெல்சி, அவள் பக்கத்தில் தங்கை ஷைனி, இந்தப் பக்கம் அத்தை. மேசைத் தலைமாட்டில் மாமனார். சோறு வைத்தாயிற்று, குழம்பு ஊற்றியாயிற்று, சிலுவை போட்டுச் செபம் சொல்லியாயிற்று. நான் கையை வைக்கப் போனேன். மற்றவர்கள் வைக்கவில்லை. மூன்று பெண்களும் கையை மடியில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி அமைதியாக இருந்தார்கள்.

அவர் பொரித்த மீன் தட்டைத் தன் முன்னால் இழுத்தார். முள்ளுவாளை. பெயரிலேயே எச்சரிக்கை உள்ள மீன்; சதை முழுக்கத் தலைமுடி மாதிரி முள். ஒரு துண்டை எடுத்தார், பெருவிரலால் ஒரு தடவு தடவினார், பிளந்தார், உருவினார், உதிர்த்தார். அத்தை தட்டில் ஒரு குவியல். அடுத்தது டெல்சிக்கு. அடுத்தது ஷைனிக்கு. அப்புறம், கேட்காமலே, எனக்கு.

"நானே எடுத்துக்கிடுதேன் மாமா."

"நீங்க ஏன் மாப்ள? நான் பாத்துக்கிடுதேன்."

நான் டெல்சியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தின்ன ஆரம்பித்துவிட்டாள். குனிந்து பார்க்கக்கூட இல்லை. சோற்றையும் மீனையும் பிசைந்து உருட்டி வாயில் போட்டு, தங்கையோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முள்ளுவாளை தின்கிற ஒருத்தி சிரித்துப் பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலம் தனியாக இருக்கும்போது கேட்டேன். "ஏன், ஒனக்குக் கை இல்லையா?"

"அப்பா எடுப்பாவ" என்றாள். மழை பெய்யும், சூரியன் உதிக்கும் என்பதுபோல ஒரு பதில். அதற்குமேல் கேட்க அதில் இடமில்லை.

அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் அது. மரியாதையாகச் சொன்னால் எரிச்சல். உள்ளபடி சொன்னால் பொறாமை.

நான் சாத்தான்குளத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து கடல் பெரிய தூரமில்லை, ஆனாலும் மீன் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி. பைக்கில் ஐஸ் பெட்டியோடு வருகிற ஆளிடம் அம்மா நடுவில் ஒரே முள் உள்ள தடித்த துண்டாகப் பார்த்து வாங்குவாள். இல்லாவிட்டால் கருவாடு. ஆகவே முள் விஷயத்தில் நான் பெரிய ஆள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மூன்று பெண்கள், மீன் வாசம் பிடித்தே மீனின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள், அவர்களுக்கு மீன் தின்னத் தெரியாது என்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் வசதியாகவும் இருந்தது. தெரியாதென்றால் யாராவது எடுத்துக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். இன்றைக்கு அவர், நாளைக்கு நான். கல்யாணம் என்பது என்ன, இந்தக் கைமாற்றம்தானே? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். கைமாற்ற அவர் தயாராக இல்லை என்பது கணக்கில் வரவில்லை.

அவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும், தூரத்திலிருந்து. நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். லேப்டாப், ஏசி, ஓயாத போன். அவர் அதே துறைமுகத்தில் லேஷிங் வேலை. கப்பல் மேல்தட்டில் கன்டெய்னர்களை அடுக்குவார்கள் அல்லவா, அவை கடலில் ஆடிச் சரியாமல் இருக்க, ஆளைவிட நீளமான இரும்புக் கம்பிகளைக் குறுக்கே மாட்டி முறுக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த வேலை. கொதிக்கிற தட்டில் நின்று, அண்ணாந்து, கம்பியைத் தூக்கி, மேலே உள்ள ஓட்டையில் குறிபார்த்து நுழைக்க வேண்டும். அவர் அப்பா சங்குக்குளி. கடலுக்கு அடியில் போன மனிதரின் மகன் கடலுக்கு மேலே உயரத்தில் நின்று வேலை செய்தார். விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் மாதிரி. ஒரு விரலில் நகமே கிடையாது. எந்தக் கம்பியோ கடித்துக்கொண்டு போனது. அந்த விரல்களால்தான் முடி மாதிரி முள்ளை உருவினார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம். என் விரல்கள் நன்றாக, மெல்லிசாக, கீபோர்டில் பறக்கிறவை.

துறைமுக வாசல் டீக்கடையில் அவருடைய கூட்டாளிகள் என்னை விடுவதில்லை.

"என்ன மாப்ள, ஒங்களுக்கும் பெசஞ்சு ஊட்டி வுடுதாராமே?"

"அப்பன் சங்கு குளிச்சான், மவன் முள்ளு குளிக்கான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் அங்கேதான் நின்றார். சிரித்தபடி டீயை ஊதிக் குடித்தார். "ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு நீ ஒருநா எடுத்துக் குடுத்துப் பாரு. பொறவு பேசு" என்றார். அவ்வளவுதான். டம்ளரை வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார். இடைவேளை. வீட்டுக்குப் போய் முள் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். மற்றவர்கள் நிழலில் துண்டை விரித்துக் கண்ணயர்கிற நேரம் அது.

கப்பல் அவசரமாக இருந்து வீட்டுக்குப் போக முடியாத நாட்களில் காலையிலேயே மீன் வாங்கி, அத்தையைக் குசினியில் விரட்டி விரட்டிப் பொரிக்கவைத்து, முள் எடுத்து, உதிர்த்த சதையைத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஆறிப்போன அந்தத் தூளை மூன்று பேரும் மதியம் தின்பார்கள். "சூடா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று ஷைனி ஒருநாள் சொன்னாள். "ஏளா, சும்மா தின்னு" என்றார் அத்தை.

நாங்கள் அதே ஊரில் மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். நான் ஆசையாசையாக ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கினேன். சுவரில் எதை மாட்டுவதானாலும் நான்தான் மாட்டுவேன் என்று டெல்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த நாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் திரைச்சீலைக் கம்பி மாட்டியிருந்தது. மாதா படம் மாட்டியிருந்தது. கடிகாரம் மாட்டியிருந்தது. பாத்ரூமில் துண்டு போடக் கொக்கி. எதுவும் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

"அப்பா வந்தாவ" என்றாள்.

"மெஷின் எங்க கெடச்சுது அவருக்கு?"

"அவங்க மெஷினா கேட்டாவ? சுத்தியலும் ஆணியும் கொண்டாந்தாவ."

என் மெஷின் இன்னும் அதன் பெட்டியிலேயே இருக்கிறது. உறைகூடப் பிரிக்கவில்லை.

என் அப்பாவை நினைத்துக்கொள்வேன். நல்ல மனிதர். எங்களுக்காக உழைத்தவர்தான். ஆனால் எங்கள் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் உண்டு, பேப்பர் உண்டு. அவர் தின்றுவிட்டு எழுந்த பிறகு நாங்கள் தின்போம். அது குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அந்த மறுவீட்டு விருந்து வரைக்கும். அதனால் டெல்சியைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. இப்படி ஒரு அப்பாவிடம் வளர்ந்தவளுக்கு நான் எந்த அளவில் நிற்பேன்? காய்ச்சல் வந்தால், "அப்பா இருந்தா நெத்தியில கை வச்சே சொல்லிருவாவ." மழை வந்தால், "அப்பா இந்நேரம் துணி எடுத்திருப்பாவ." குறையாகச் சொல்ல மாட்டாள். சும்மா சொல்லுவாள். சும்மா சொல்வதுதான் குத்தும்.

ஆகவே முடிவு செய்தேன். நான் எதையும் மளமளவென்று கற்றுக்கொள்கிற ஆள். கித்தார், ஜெர்மன், நீச்சல், எல்லாவற்றிலும் ஆரம்பப் பாடம் எனக்குத் தெரியும். யூடியூபில் மீன் முள் எடுக்கும் வீடியோக்களாகத் தேடிப் பார்த்தேன். ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் தினமும் மீன் வாங்கி, தின்னாமல் பிரித்துப் பிரித்துப் பழகினேன். "சார், மீன் கெட்டுப்போச்சா?" என்று கடைக்காரர் பயந்தே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்குக் கப்பல் வேலை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நானே திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய்ச் சாளை வாங்கி வந்தேன். டெல்சி பொரித்தாள். உட்கார்ந்தோம். தட்டை என் பக்கம் இழுத்தேன், அவர் இழுப்பதுபோலவே. அவள் கையை மடியில் வைத்தாள். அந்த ஒரு நொடி! துறைமுகத்துக்குள் முதல் கப்பலைக் கொண்டுவந்த மாலுமி மாதிரி இருந்தேன்.

எடுத்தேன். வைத்தேன். அவள் பேசிக்கொண்டே தின்றாள். இரண்டாவது மீனில் பேச்சு நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையைக் காட்டினாள்.

வாழைப்பழம் கொடுத்தேன். வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்தேன். முதுகில் தட்டினேன். அவள் போனை எடுத்தாள், எனக்குத் தெரியும் யாருக்கென்று. அவர் எப்படித்தான் வந்தாரோ, ஒளிரும் பச்சை ஜாக்கெட்டும் தலையில் ஹெல்மெட்டுமாக அப்படியே வந்து நின்றார். போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல மக்கா, ஓரமாத்தான் நிக்கி" என்று அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கவளம் சோற்றை இறுக்கி உருட்டி, மெல்லாமல் விழுங்கவைத்தார். நான் கொடுத்த அதே சோறு. அவர் கொடுத்ததும் இறங்கிவிட்டது.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முள்ளுன்னா இருக்கத்தான் செய்யும் மாப்ள. மீனுல்லா" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த சாளை எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு பேர் தட்டிலும் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கப்பலுக்குப் போனார்.

அவர் போனதும் எனக்கு வாய் திறந்தது. "ஒனக்கு என் மேல நம்பிக்கையே கெடையாது. ஒடனே அவருக்குப் போன் போட்டுட்டியே?"

"நம்பித்தான தின்னேன்" என்றாள். தொண்டை வலியில் குரல் கம்மியிருந்தது.

குழந்தை பிறந்தபோது நிலைமை இன்னும் மோசம். பிரசவம் முடிந்து அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் காரல் மீன் கொடுப்பார்கள். காரல் என்பது உள்ளங்கையில்கூடச் சின்னதாகத் தெரிகிற மீன். வெள்ளித்தாள் மாதிரி தட்டை. அதில் சதை எவ்வளவு, முள் எவ்வளவு என்று பிரிக்கப் போனால் முள்தான் ஜெயிக்கும். எல்லா வீட்டிலும் அதைக் கொதிக்கவைத்துச் சாறைக் குடிப்பார்கள், அவ்வளவுதான். இவர் அந்தக் காரலுக்கும் முள் எடுத்தார். வேலையிலிருந்து வந்து, குளித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு சட்டி காரலை முன்னால் வைத்து உட்காருவார். ஒவ்வொரு மீனிலும் கிடைப்பது நகக்கண் அளவு சதை. அதைச் சேர்த்துச் சேர்த்து ஒரு சின்னக் கிண்ணம் நிறைப்பார். கட்டிலில் சாய்ந்திருக்கிற மகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எழுவார்.

நான் மடியில் என் மகளை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு மகள் வந்துவிட்டாளே, இனி இந்தப் போட்டியில் நானும் ஒரு ஆள்தானே என்று தைரியம் சொல்லிக்கொள்வேன். அவர் அந்தச் சமயம் பார்த்துத் தலையைத் தூக்கி, "பிள்ளைக்குக் கழுத்தைப் பிடிச்சிக்கிடுங்க மாப்ள" என்பார்.

அந்த நாட்களில் ஒருமுறை, எல்லோரும் தின்று முடித்த பிறகு, தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். அவர் அங்கே நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் அவர் தின்றதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டில் மீன் தலைகளும் வால்களும். அவர் முள் எடுக்கவில்லை. அப்படியே வாயில் போட்டு ஒரு பக்கம் மென்றார், இன்னொரு பக்கம் முள் வந்து விழுந்தது. அவசரமாக, பூனை தின்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், ஏதோ செய்யக்கூடாததைச் செய்த மாதிரி.

"ஒங்களுக்கு எடுத்துக்கிட மாட்டியளா மாமா?"

"எனக்கு என்னத்த மாப்ள" என்றார்.

எனக்கு அன்றைக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. கூடவே ஒரு பயமும். ஒரு மனிதன் தனக்கென்று எதுவுமே செய்துகொள்ளாமல் இருந்தால், அவனோடு எதை வைத்துப் போட்டி போடுவது?

போன வருஷம் அவர் இறந்துபோனார். கப்பலிலிருந்து இறங்கி நடந்து வந்தவர், மொபெட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மதிய இடைவேளை. வீட்டில் மூன்று தட்டு வைத்துக் காத்திருந்தார்கள். டெல்சியும் குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். போன் எனக்குத்தான் வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது.

கோயிலில் இடமில்லாமல் வெளியே எல்லாம் ஆட்கள். "குடும்பத்துக்குன்னே வாழ்ந்த மனுசன்" என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். நல்ல மருமகன், துக்கம் தாங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். துக்கம் இருந்ததுதான். அதன் கூடவே, என்னை இப்படி யாராவது சொல்வார்களா என்ற நினைப்பும் இருந்தது. பெட்டிக்குள் கிடக்கிறவரைப் பார்த்தும் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குவதற்கு லேஷிங் ஆட்களே வந்திருந்தார்கள். கயிறு போட்டு, முடிச்சுப் போட்டு, பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் பிடித்தார்கள். நானும் ஒரு கயிற்றில் கையை வைத்தேன். டீக்கடையில் கேலி செய்வாரே, அவர் கண்ணெல்லாம் சிவந்து நின்றார். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"விடுங்க மாப்ள. எங்காளு. நாங்க எறக்குதோம்."

விட்டுவிட்டேன்.

இறந்து முப்பதாம் நாள் வைக்கிற மாதப் பூசை முடியும்வரை மீன் எடுக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். சாம்பார், ரசம், அவியல் என்று போனது. நாங்கள் மில்லர்புரம் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே இருந்தோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது: அந்த நாட்களில் நான் மறுபடி பழகினேன். அதே மெஸ். அதே கடைக்காரர். இந்த முறை முள்ளுவாளை கேட்டேன். அவசரப்படாமல் எடுத்தேன். இனி அந்த மேசையில் மூன்று பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் இடத்தில் உட்கார மாட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். மீன் தட்டை மட்டும் என் பக்கம் இழுப்பேன்.

பூசை முடிந்த மறுநாள் அத்தை மீன் வாங்கினார். முள்ளுவாளைதான். மேசைத் தலைமாட்டு நாற்காலி காலியாக இருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்கியது. ஷைனி செபம் சொன்னாள், குரல் நடுவில் உடைந்தது, எப்படியோ முடித்தாள். அத்தை ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு மீனை வைத்தார். நான் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, டெல்சியின் தட்டைத் தொடக் கையை நீட்டினேன்.

அவள் கை ஏற்கெனவே தட்டில் இருந்தது.

துண்டை எடுத்தாள். பெருவிரலால் ஒரு தடவு தடவினாள், பிளந்தாள், உருவினாள், உதிர்த்தாள். பார்க்கவே இல்லை, பார்வை தொட்டில் பக்கம் இருந்தது. முள் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் போய் விழுந்தது. ஷைனியைப் பார்த்தேன், அவளும் அப்படித்தான். அத்தை முள்ளே எடுக்கவில்லை, வாயின் ஒரு பக்கம் மீன் போயிற்று, இன்னொரு பக்கம் முள் வந்தது.

"ஒனக்கு முள்ளெடுக்கத் தெரியுமா?" என்றேன்.

டெல்சி திரும்பினாள். "என்ன கேள்வி இது?"

"அத்தான்" என்றாள் ஷைனி, "கடக்கரைல பெறந்துட்டு முள்ளெடுக்கத் தெரியாமலா? இந்த வீட்டுல தெரியாத ஒரே ஆளு நீங்கதான்."

"அப்ப இத்தன வருசமும்?"

டெல்சிதான் சொன்னாள். "நான் அஞ்சாப்பு படிக்கும்போது ஒருநா பசியோட வந்தேன். சாள பொரிச்சிருந்துது. அப்பா வாறதுக்குள்ள நானே எடுத்துத் தின்னுட்டேன். அப்பா வந்து தட்டப் பாத்தாவ. 'நீயே எடுத்தியா மக்கா'ன்னு கேட்டாவ. ஆமான்னேன். 'கெட்டிக்காரி'ன்னாவ. பொறவு கையக் கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டாவ."

"அன்னைக்கு முழுக்கச் சோறு திங்கல" என்றார் அத்தை. "எத்தன தடவ கூப்பிட்டேன். பசிக்கலன்னுட்டாரு."

"அதுக்குப் பொறவு நாங்க யாரும் கைய வைக்கல" என்றாள் டெல்சி.

அவருடைய விரல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, அதைப் பழகி, அதில் ஜெயித்துவிடலாம் என்று இருந்திருக்கிறேன். அவருக்குக் கிடைத்தது வேறு. தெரிந்த வேலையைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு, பசியோடு, ஆறின மீனுக்காக, மூன்று பேர் ஒரு மனிதருக்காக வருஷக்கணக்கில் கையை மடியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஒருநாள்கூட அவரிடம் வாய் தவறிச் சொல்லவில்லை. அதை எந்த மெஸ்ஸில் போய்ப் பழகுவது?

"அப்ப எனக்காக?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே என் குரல் சின்னப்பையன் குரலாகக் கேட்டது.

ஷைனி சிரிக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அத்தை குனிந்து சோற்றைப் பிசைந்தார். டெல்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பரிமாறுகிற தட்டிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்து, தட்டை என் முன்னால் நகர்த்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுங்க."

எடுத்தேன். அவசரமே படவில்லை. தடவிப் பிளந்து உருவி, ஒவ்வொரு முள்ளாக ஓரத்தில் வைத்து, மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்து, உதிர்த்து அவள் சோற்றின்மேல் வைத்தேன். அவள் கண் என் விரலை விட்டு இம்மியும் நகரவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மீனைச் சோற்றோடு எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் தின்றாள்.

அவர் வைத்ததை அவள் ஒருநாளும் அமுக்கிப் பார்த்ததில்லை.